பட்டுக்கோழி ஜோடி வாங்கலாமா? "ஆறே மாதத்தில் காசு" கதையின் மறுபக்கம்!

மதுரை:

பார்த்தால் முயல். தொட்டால் பஞ்சு. கொக்கரித்தால்தான் கோழி என்று தெரியும்!

இதுதான் 'சில்க்கி' கோழி. பட்டுக்கோழி என்றும் சொல்கிறார்கள். வெள்ளை, கறுப்பு, சாம்பல், சந்தன நிறம் என்று பல நிறத்தில் கிடைக்கிறது. தலையில் பூப்பந்து மாதிரி ஒரு கொண்டை. காலில் சலங்கை கட்டியது போல இறகு.

மதுரையில் மாடி வீட்டுக்காரர்கள் சிலர் இதை ஆசையாக வளர்க்கிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் இடவசதி உள்ளவர்கள் கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அழகான ஜீவன். சின்னப் பிள்ளைகள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாலும் கொத்தாது, ஓடாது.

ஆனால் "ஆசைக்கு வளருங்கள்" என்று சொல்லி யாரும் விற்பதில்லை. "ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கக்கா, ஆறே மாசத்துல போட்ட காசை எடுத்துடலாம்" என்பதுதான் வியாபாரப் பேச்சு. செல்போனில் படம் வருகிறது. கூடவே முன்பணம் அனுப்ப ஒரு நம்பரும் வருகிறது.

இந்தப் பேச்சில் மயங்குகிறவர்கள் பெரிய பண்ணைக்காரர்கள் அல்ல. வீட்டோடு இருக்கும் பெண்கள், வேலை தேடும் பையன்கள், ஓய்வு பெற்ற ஆட்கள். சீட்டு எடுத்த பணத்தை இதில் போடலாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு.

காசு வருமா? வந்தால் யாருக்கு வரும்?

சீனத்துச் சரக்கு

முதலில் கோழியின் ஜாதகத்தைப் பார்ப்போம். இது சீன தேசத்துக் கோழி. அங்கே ஜியாங்சி மாகாணத்தில் தைஹே என்ற ஊர் இதற்குப் பேர் போனது. 13-ம் நூற்றாண்டில் சீனாவுக்குப் போன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பூனை மாதிரி ரோமம் உள்ள கறுப்புக் கோழி அந்த நாட்டில் உண்டு என்று சொல்லியிருக்கிறார். நம்ம பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொன்ன அதே ஆசாமிதான்!

பிறகு இந்தக் கோழி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? "முயலுக்கும் கோழிக்கும் பிறந்தது" என்று கதை கட்டி விற்றார்கள். ஜனங்களும் நம்பி வாங்கினார்கள்! ஆக, இந்தக் கோழியை வைத்துக் கதை விடுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை.

இறகு பஞ்சு மாதிரி இருப்பதற்குக் காரணம் ரொம்ப எளிது. மற்றக் கோழிகளின் இறகில் நார்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். இதற்கு அந்தக் கொக்கி கிடையாது. அதனால் பறக்க முடியாது. மழை பட்டால் தண்ணீர் வழிந்து ஓடாது. துணி மாதிரி ஊறிப்போகும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

தோல் கறுப்பு. எலும்பும் கறுப்பு. காது மடல் நீலம். சாதாரணக் கோழிக்குக் காலில் 4 விரல். இதற்கு 5 விரல்.

ஜோடி மர்மம்

"ஒரு மாசக் குஞ்சு. ஒரு சேவல், ஒரு பெட்டை. ஜோடி கேரண்டி."

இப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பட்டுக்கோழியில் ஆண், பெண் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். பல வருஷம் வளர்த்தவர்களே 5 மாதம், 6 மாதம் வரை தடுமாறுவார்கள். சில பறவை, கூவினால்தான் சேவல் என்று தெரியும். முட்டை போட்டால்தான் பெட்டை என்று தெரியும். ஒரு மாதக் குஞ்சைக் கையில் எடுத்து "இது பெட்டை" என்று சத்தியம் செய்கிறவர் ஜோசியம் சொல்கிறார், அம்புட்டுத்தான்.

ஜோடி என்று வாங்கி, 6 மாதம் தீனி போட்டு, கடைசியில் இரண்டும் விடியற்காலையில் கூவினால் என்ன செய்வது? விற்றவரிடம் போனால், "வளர்ப்புல மாறியிருக்கும்" என்று சொன்னாலும் சொல்வார்!

இன்னொரு புரட்டு, 'ஒரிஜினல்' என்பது. "அஞ்சு விரல் இருக்கு பாருங்க, அசல் சரக்கு" என்பார்கள். ஐந்து விரல் என்பது கலப்பிலும் தாராளமாக வரும். பட்டுக்கோழியை நாட்டுக்கோழியோடு சேர்த்தாலே போதும். குஞ்சுக்கு ஐந்தாவது விரல் முளைத்து நிற்கும். ஆனால் பட்டு இறகு வராது. ஏனென்றால் பட்டு இறகுக்கு அப்பன், ஆத்தாள் இரண்டு பக்கமும் அந்தக் குணம் வந்து சேர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் சாதாரண இறகுதான். அந்தக் கலப்புக் குஞ்சுகளை வளர்த்து ஒன்றோடு ஒன்று சேர்த்தால், அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றுக்குப் பட்டு இறகு திரும்பி வரும்.

விஷயம் புரிகிறதா? 'சில்க்கி கிராஸ்' முட்டை என்று விற்பதை வாங்கி அடை வைத்தால் பொரிப்பது நாட்டுக்கோழி மாதிரிதான் இருக்கும். பார்க்க வேண்டியது விரலை அல்ல, இறகை. அதையும் குஞ்சில் பார்த்து முடிவு கட்ட முடியாது. எல்லாக் கோழிக்குஞ்சும் பிறக்கும்போது பஞ்சுதானே!

கணக்குப் போடுவோம்

சரி, நல்ல ஜோடியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பெட்டைக்கு ஒரு குணம் உண்டு. 12, 15 முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை இருந்தாலும் உட்காரும், இல்லாவிட்டாலும் உட்காரும். கூழாங்கல்லை வைத்தாலும் உட்காரும்! அதனால் வருஷத்துக்கு 100 முட்டை வந்தாலே பெரிய காரியம். அதுவும் சின்ன முட்டை. நாமக்கல் வெள்ளைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டை போடுகிறது. முட்டை வியாபாரத்துக்கு இது ஆகாது.

கறிக்கும் ஆகாது. வளர்ந்த கோழி ஒரு கிலோ தேறும். மிஞ்சினால் ஒன்றரை. உரித்தால் உள்ளே கன்னங்கரேல் என்று இருக்கும். சீனாவில் பிள்ளை பெற்றவளுக்குச் சூப் வைத்துக் கொடுப்பார்கள். நம் ஊர் கறிக்கடையில் தராசில் ஏற்றினால் நாட்டுக்கோழி விலைகூடக் கிடைக்குமா என்பது சந்தேகம்.

அப்படியானால் காசு எதில் வரும்? குஞ்சில்தான். அதாவது, உங்களைப் போலவே ஜோடி வாங்கிக் காசு பார்க்க நினைக்கும் இன்னொருவரிடம் விற்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஜோடியிலிருந்து வருஷத்துக்கு 7 ஜோடி தேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் 10 வீட்டில் ஆரம்பிக்கிறார்கள். வருஷக் கடைசியில் 70 ஜோடி. வாங்க 70 வீடு வேண்டும். அந்த 70 வீடும் இதே மாதிரி வளர்த்தால் அடுத்த வருஷம் 490 ஜோடி. அதற்கடுத்து 3 ஆயிரத்து 430. நாலாம் வருஷம் 24 ஆயிரம். ஐந்தாம் வருஷம் 1 லட்சத்து 68 ஆயிரம் ஜோடி!

2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியின் ஜனத்தொகையே 10 லட்சத்துக்குச் சற்று மேல்தான். செல்லூரில் இருந்து அவனியாபுரம் வரை வீட்டுக்கு வீடு பட்டுக்கோழி கட்டினாலும் தாங்காது. நோய், பூனை, கூமுட்டை என்று பாதி போனாலும் கணக்கு முடிகிற இடம் ஒன்றுதான். கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே. முதல் 10 வீட்டுக்காரர் லாபம் பார்ப்பார். கடைசியில் வாங்கினவர் கையில் கோழிதான் இருக்கும்.

ஈமு போன வழி

இதெல்லாம் வெறும் கற்பனைக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நடந்த கதையே இருக்கிறது.

ஈரோடு மாவட்டம் பெருந்துறை. ஆஸ்திரேலியப் பறவையான ஈமுவை வைத்து அங்கே கம்பெனிகள் முளைத்தன. பணம் கட்டினால் குஞ்சு தருவார்கள். தீவனம் தருவார்கள். மாதாமாதம் பராமரிப்புத் தொகை, வருஷத்துக்கு ஒரு போனஸ். சினிமா நடிகர்களை வைத்து விளம்பரம் வேறு. ஜனங்கள் லட்சக்கணக்கில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

2012 ஆகஸ்டில் குட்டு உடைந்தது. பெரிய கம்பெனியின் முதலாளி தலைமறைவானார். பணம் கட்டியவர்கள் போலீஸ் நிலைய வாசலில் வரிசையில் நின்றார்கள். பட்டினி கிடந்த ஈமுக்களுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டியதாயிற்று. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்து, கோவை சிறப்பு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அதே வட்டாரத்தில் நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டம் என்று பணம் திரட்டிய கம்பெனிகள் மீதும் வழக்குகள் வந்தன.

ஈமு ஏன் கவிழ்ந்தது? அதைத் தின்ன ஆள் இல்லை. குஞ்சு விற்றுத்தான் பிழைப்பு ஓடியது. புதிதாகப் பணம் கட்ட ஆள் வராத அன்றைக்குக் கடை மூடியது.

கருங்கோழியிலும் இதே கதை. கடக்நாத் என்பது மத்தியப்பிரதேசம் ஜபுவா பகுதியின் கோழி. 2018-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிரிக்கெட் தோனி 2020-ல் 2 ஆயிரம் குஞ்சுக்கு ஆர்டர் கொடுத்தார் என்று செய்தி வந்ததும் கிராக்கி ஏறியது. ஆனால் அதற்கு முன்பே 2019-ல், மராட்டிய மாநிலம் சாங்லி பக்கத்தில், குஞ்சு கொடுத்து 'முட்டையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று சொன்ன ஒரு கம்பெனி விவசாயிகளைத் தெருவில் விட்டிருந்தது. நல்ல கோழிதான். கெட்டது வியாபாரம்.

பட்டுக்கோழியில் இதுவரை அந்த அளவுக்குப் பெரிய கம்பெனி மோசடி எதுவும் கிளம்பவில்லை. தனி ஆட்கள் விற்கிறார்கள், தனி ஆட்கள் வாங்குகிறார்கள். ஆனால் "குஞ்சை நாங்களே திரும்ப வாங்கிக்குவோம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே பெருந்துறையை நினைத்துக்கொள்ளவும்.

இன்னொன்று. கறுப்புத் தோலைக் காட்டி, "இதுவும் கருங்கோழிதான், கறி மருந்து" என்றும் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு ஜாதி. கடக்நாத்துக்குப் பட்டு இறகும் கிடையாது, காலில் இறகும் கிடையாது. கறுப்பு என்பது உடம்பில் உள்ள ஒரு நிறச்சத்து. சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கறுப்புக் கோழி சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அடைக்கு ராணி

அப்படியானால் இந்தக் கோழியால் பிரயோஜனமே இல்லையா?

இருக்கிறது. அதை யாரும் சொல்லி விற்பதில்லை!

மேலே ஒரு குறை சொன்னோமே, எப்போது பார்த்தாலும் அடைக்கு உட்காரும் என்று, அதுதான் இதன் பெரிய குணம். எந்தக் கோழியின் முட்டையை வைத்தாலும் பொரித்துத் தரும். வாத்து முட்டையை வைத்தாலும் பொரிக்கும். மேல்நாடுகளில் வேட்டைப் பறவைகளின் முட்டையை இதன் கீழ் வைத்துத்தான் பொரித்தார்கள். பொரித்த குஞ்சைத் தன் குஞ்சு மாதிரியே காப்பாற்றும்.

நம் பக்கத்தில் இதற்கு வேலை இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்ப்பது ஒரு பெரிய பைத்தியம். கண்காட்சி வைக்கிறார்கள். நல்ல சேவலுக்கு லட்சத்தில் விலை பேசுகிறார்கள். சண்டைச் சேவலும் அப்படித்தான். 2011-ல் 'ஆடுகளம்' படம் வந்தபோது மதுரைச் சேவல் கதை ஊர் உலகத்துக்கே தெரிந்தது. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனால் இந்த உலகத்தைப் பார்க்கலாம்.

அந்த மாதிரி உசத்தி முட்டையை ஒரு மெஷினில் வைத்து, நடுராத்திரி கரண்டு போனால் என்ன ஆவது? மெஷினை நம்புவதைவிட ஒரு நல்ல அடைக்கோழியை நம்பலாம். கடக்நாத் பெட்டைக்கு அடையில் அக்கறை கிடையாது. அந்த முட்டைக்கும் இரவல் தாய் வேண்டும். பஞ்சாரத்துக்குள் இரண்டு பட்டுப்பெட்டை இருந்தால் நாட்டுக்கோழி வளர்க்கிறவருக்கு உபயோகம்தான்.

ஒரு எச்சரிக்கை. உடம்பு சின்னது. பெரிய முட்டை என்றால் 6-க்கு மேல் வைக்கக்கூடாது. ஓரத்து முட்டை சூடு தட்டாமல் கூமுட்டையாகிவிடும். 21 நாளும் எழுந்திருக்காமல் பட்டினி கிடக்கும் பெட்டைகளும் உண்டு. தினம் ஒரு தடவை கையால் தூக்கி வெளியே விட்டுத் தீனியும் தண்ணீரும் காட்ட வேண்டும். ஒரு அடை முடிந்ததும் அடுத்த முட்டையைச் சொருகினால் மூன்றாவது ஈட்டில் கோழி எலும்பும் தோலுமாகிவிடும். லாப ஆசையில் இப்படிச் செய்வதைப் பாவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மழையும் வெயிலும்

இனி, வளர்க்கிறவர் படும் பாடு.

மதுரையில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மாடியில் தகரக் கூரையின் கீழ் கூண்டு வைத்தால் மத்தியானம் அது அடுப்பு. கோழிக்கு வேர்க்காது. வாயைத் திறந்து இளைக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வழி. கூண்டின் மேல் கீற்று போட்டு, சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மண்சட்டியில் தண்ணீர் வைக்க வேண்டும். உச்சி நேரத்தில் இரண்டு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஐப்பசியில் அடுத்த கண்டம். இறகு ஊறும் என்று சொன்னோமே! நாட்டுக்கோழி நனைந்தால் உதறிவிட்டுப் போய்விடும். பட்டுக்கோழி நனைந்தால் நடுங்கி ஒடுங்கிவிடும். துணியால் துடைத்து, பல்பு போட்டுக் காய வைக்க வேண்டும். 2024 அக்டோபர் 25-ந் தேதி மதுரையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நாளில் தரையில் கூண்டு வைத்தவர் கதி என்ன? தரையில் இருந்து இரண்டடியாவது தூக்கிக் கட்டுவது நல்லது. இந்தக் கோழி பறந்து ஏறாது. ஏற ஒரு சாய்வுப் பலகை போட வேண்டும்.

தலைக் கொண்டை கண்ணை மறைக்கும். அதனால் பூனை வருவது தெரியாது. தீனிகூடச் சரியாகத் தெரியாது. கண் பக்கம் இறகைக் கத்தரித்துவிடலாம், வலிக்காது. சில பறவைக்கு மண்டை ஓட்டின் உச்சியில் எலும்பு முழுசாக மூடியிருக்காது. அந்த இடத்தில் நாட்டுச் சேவல் ஒரு கொத்துக் கொத்தினால் போச்சு. இரண்டையும் ஒரே கூண்டில் அடைக்கக்கூடாது.

வெள்ளைக்கழிச்சல்

எல்லாவற்றையும்விடப் பெரிய எமன் வெள்ளைக்கழிச்சல் நோய். 'ராணிகேத்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். 1920-களின் கடைசியில் இமயமலை அடிவாரத்து ராணிகேத் ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலி. மருந்து கிடையாது. முன்கூட்டித் தடுப்பூசி போடுவதுதான் வழி. குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. 4-வது வாரம் மறுபடி சொட்டு. 8-வது வாரம் இறக்கையில் ஊசி.

இங்கேதான் சின்ன ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தடுப்பு மருந்து 100 கோழிக்கு, 200 கோழிக்கு என்றுதான் புட்டி வருகிறது. கலந்து வைத்தால் ஓரிரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். ஐஸ் இல்லாமல் கொண்டுபோனால் வீண். வீட்டில் 4 கோழி வைத்திருப்பவர், "நாலுக்கு யாரு புட்டி உடைப்பா?" என்று விட்டுவிடுகிறார். அவர் கோழி செத்தால் அவரோடு போகாது, தெருவே காலி. ஆயிரக்கணக்கில் கொட்டி ஜோடி வாங்குகிறவர்கள், பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிக்காரரையும் கூட்டுச் சேர்த்து ஒரே நாளில் ஊசி போடுவதுதான் புத்தி.

மாரெக்ஸ் என்று இன்னொரு நோய். கால் இழுத்துக்கொண்டு விழும். பட்டுக்கோழிக்கு இது சீக்கிரம் பிடிக்கும். இதற்கான ஊசி குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டியது. விற்பவர் போட்டாரா என்று கேளுங்கள். முழிப்பார்.

2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தபோது ஆயிரக்கணக்கான வாத்து, கோழிகளை அழித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் அழகுக் கோழி, கறிக்கோழி என்று பார்ப்பதில்லை. பஸ்ஸில், ரெயிலில் பார்சலாக வந்து இறங்கும் குஞ்சு எந்த ஊர்க் கூண்டில் இருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? புதிதாக வந்ததை 3 வாரமாவது தனியாக வைக்க வேண்டும். வந்த அன்றைக்கே பழைய கோழியோடு சேர்த்து விடுவதால்தான் பாதி சாவு.

திருவிழாக் கடைகளில் சாயம் போட்ட கலர் குஞ்சு விற்பார்களே, நினைவிருக்கிறதா? முட்டைக்கோழிப் பண்ணை வேண்டாம் என்று கழித்த சேவல் குஞ்சுகள் அவை. பிள்ளைகள் அழுது வாங்கும். நாலு நாளில் செத்துப்போகும். அப்போது போனது பத்து, இருபது ரூபாய். இப்போது ஜோடிக்கு ஆயிரக்கணக்கில்!

வாங்கத்தான் போகிறீர்களா?

சரி, பணத்துக்காக இல்லை, ஆசைக்குத்தான் என்கிறீர்களா? தாராளமாக வாங்கலாம். ஆனால் குஞ்சாக வாங்க வேண்டாம். 6 மாதம் தாண்டிய, முட்டையிடத் தொடங்கிய பெட்டையாகப் பார்த்து வாங்கவும். விலை கூடத்தான் சொல்வார்கள். இரண்டு சேவலுக்குத் தீனி போடுவதைவிட அது மலிவு. வளர்க்கும் இடத்துக்கே நேரில் போய், தாயையும் தகப்பனையும் பார்த்து வாங்க வேண்டும். படம் பார்த்துப் பணம் அனுப்பக்கூடாது. பெட்டையும் சேவலும் ஒரே ஈட்டுக் குஞ்சாக இருந்தால் வேண்டாம். அண்ணன் தங்கையைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போனால் முட்டை பொரிப்பது குறைந்துபோகும்.

சேவல் தேவையா என்றும் யோசிக்கவும். முட்டையிடச் சேவல் வேண்டியதில்லை. அடைக்கு மற்றக் கோழி முட்டை வைப்பதாக இருந்தாலும் வேண்டியதில்லை. ஒட்டுச் சுவர் வீட்டில் விடியற்காலை 4 மணிக்குச் சேவல் கூவினால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் சிரிப்பார், பத்தாம் நாள் போலீஸ் நிலையத்தில் நிற்பார்.

சித்திரையிலும் வேண்டாம், ஐப்பசியிலும் வேண்டாம். தை, மாசிதான் நல்ல சமயம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வெள்ளைக்கழிச்சலுக்குக் கால்நடைத் துறை வழக்கமாக முகாம் போட்டு இலவசமாக ஊசி போடுவதும் பிப்ரவரியில்தான். சந்தேகம் கேட்க வேண்டுமானால் திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய் வரலாம். டவுன் பஸ் செலவுதான்.